தாத்தா இழுத்த ஊமத்தைப் புகை

எங்கள் கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஓர் ஊமத்தைச் செடி இருந்தது. வெள்ளைப் பூ, உருண்டையாக முள்ளுக்காய். அதைத் தொட்டுவிட்டால் கை கழுவாமல் பாட்டி எங்களை உள்ளே விடமாட்டார். அந்த இலையைத்தான் அவரே தாத்தாவுக்காக நிழலில் உலர்த்துவார்.

மார்கழிப் பனி விழுந்தால் தாத்தாவுக்கு இளைப்பு வந்துவிடும். படுக்க முடியாமல் திண்ணையில் குந்தியிருப்பார். காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்து இரண்டு இழுப்பு. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு லேசாகும். மூன்றாவது இழுப்புக்குப் பாட்டி விட்டதில்லை.

இது எங்கள் வீட்டு வைத்தியம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி இதே வழக்கத்தை மதராஸிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அப்புறம் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஊமத்தை இலை அடைத்த ஆஸ்துமா சிகரெட்டுகளே விற்றிருக்கின்றன, இருபதாம் நூற்றாண்டு வரைக்கும். நம் ஊர்த் திண்ணையிலிருந்து போன புகை அது என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

போன மாதம் என் மகளுக்கு வீசிங். நெபுலைசரில் டியோலின் என்ற மருந்தை வைத்தார்கள். காலியான குப்பியைத் திருப்பிப் பார்த்தேன்: லெவோசால்பியூட்டமால், இப்ராட்ரோப்பியம். இந்த இரண்டாவது பெயர், ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினை மாற்றி உருவாக்கிய மருந்து. மூச்சுக்குழாயை இறுக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் செய்தியை அட்ரோபின் தடுத்துவிடும், குழாய் தளரும். ஆனால் அட்ரோபின் மூளைக்கும் ஏறிவிடும். இப்ராட்ரோப்பியம் அநேகமாக நுரையீரலோடு நின்றுவிடுகிறது.

மூளைக்கு ஏறினால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் நேரில் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் ஊமத்தை விதையை மென்றுவிட்டான். கண்மணி விரிந்து, வாய் உலர்ந்து, முகம் சிவந்து, இல்லாத எதையோ காற்றில் பிடித்துக்கொண்டே இருந்தான். பிழைத்துவிட்டான், ஆனால் அவன் அம்மா அழுத அழுகையை நான் மறக்கவில்லை. உன்மத்தம், அதாவது பித்து, என்று அந்தச் செடிக்கே பெயர் வைத்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

சித்த வைத்தியத்தில் மத்தன் தைலம் உண்டு. ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்துக் காய்ச்சுவது; ஆறாத புண்ணுக்கு வெளியே மட்டும் போடுவார்கள். அப்பாவின் கால் புண்ணுக்கு வைத்தியர் கொடுத்த அந்தப் பச்சை எண்ணெயின் வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது.

தயவுசெய்து யாரும் இலையைச் சுருட்டிப் பார்க்காதீர்கள். செடிக்குச் செடி விஷத்தின் அளவு மாறும். விதையிலும் வேரிலும் இலையிலும் ஒரே அளவாக இருக்காது. தாத்தாவுக்கு இரண்டு இழுப்பு ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மகள் தூங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். காய்ந்த இலைக்கென்று பாட்டி ஒரு தனி டப்பா வைத்திருந்தாராம், பரண்மேல், எங்கள் கைக்கு எட்டாத மூலையில்.