தடைக்காலத்தில் படித்தவை

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள். காலையில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் வழியாகப் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், விசைப்படகுகள் சந்தைக்கு வந்த மாடுகள் மாதிரி நெருக்கி நிற்கின்றன. ஊரில் ஆம்பளைகளுக்கு வேலை இல்லை. அதனால் நூலகத்தில் எனக்கு வேலை கூடும். வருஷா வருஷம் இப்படித்தான், பேப்பருக்கு வரிசை நிற்கும்.

எனக்கும் இது படிக்கிற காலம். தபால் வழியில் எம்.எல்.ஐ.எஸ்., அதாவது நூலக அறிவியலில் முதுநிலைப் பட்டம் படிக்கிறேன், ஜூன் கடைசியில் தேர்வு. பாடத்தோடு சேர்த்து வாசிக்கச் சொன்ன கட்டுரைகளையும் புத்தகங்களையும் மதுரையில் ஜெராக்ஸ் எடுத்ததில் ஒரு தலையணை உயரம் வந்துவிட்டது. மேலாண்மைத் தாளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். பிடித்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

ரங்கநாதனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தவருக்குச் சில நாளிலேயே சலித்துவிட்டது. பேச ஆளில்லாத அந்த நாற்காலி வேண்டாம், வகுப்புக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய்க் கேட்டிருக்கிறார். முதலில் லண்டன் போய்ப் படித்து வா, அப்போதும் இதையே சொன்னால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் புத்தகமாகப் போட்டது 1931இல். விதிகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தேன்: புத்தகம் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர். கைடில் பார்த்தால் அரைப் பக்கம். மூலத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, மனுஷன் விதிகளைக் கதாபாத்திரங்களாகவே நடமாட விட்டிருக்கிறார். இரண்டாம் விதி உலகமெல்லாம் திக்விஜயம் போகிறது! நாடு நாடாகப் போய், உங்கள் ஊரில் எல்லாருக்கும் புத்தகம் உண்டா என்று கேட்கிறது. பாடநூலில் எனக்குச் சிரிப்பு வந்தது இதுவே முதல் தடவை.

முதல் விதிக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைப் பலகையோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். சங்கிலியைக் கழற்றிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை என்கிறார். ஊருக்குக் கோடியில் நூலகம் கட்டுவது, வாசகர் வேலைக்குப் போகிற நேரத்தில் திறந்து அவர் வீடு திரும்புகிற நேரத்தில் சாத்துவது, கைக்கு எட்டாத உயரத்தில் அலமாரி வைப்பது எல்லாமே சங்கிலிதான்.

படித்துக்கொண்டே நிமிர்ந்தால் எதிரில் பச்சை பீரோ, பூட்டோடு. உள்ளே தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி. 1954இல் முதல் தொகுதி வந்து 1968இல் முடிந்தது. பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து செய்த வேலை. நான் இங்கே வந்த நான்கு வருஷத்தில் இருப்புச் சரிபார்ப்புக்குத் தவிர அந்தப் பூட்டைத் திறந்ததில்லை. காரணம் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டு புத்தகம் காணாமல் போனதற்கு என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சாவி என் பையில்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பீரோவைத் திறந்தேன். உப்புக் காற்றில் கீல் துருப்பிடித்து, பேய்ப் படத்துக் கதவு மாதிரிக் கத்தியது. மூன்றாம் தொகுதிக்குள்ளிருந்து ஒரு ராமபாணப் பூச்சி வெள்ளியாக வழுக்கி ஓடியது. புத்தகத்தைத் துளைக்கிற பூச்சிக்கு ராமனின் அம்பைப் பேராக வைத்தவன் நல்ல ரசிகன். அம்பு கிளம்பிய ஊருக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் அதை நான் பூட்டி வைத்து வளர்த்திருக்கிறேன்.

பத்தையும் வெயிலில் காட்டாமல் நிழலில் விரித்து வைத்துத் தட்டித் துடைத்து, வாசல் பக்கத்து மேஜையில் அடுக்கினேன். பார்ப்போம்.

ஏப்ரல் 26, சனி

வகைப்படுத்தல் பயிற்சி. 1876இல் அமெரிக்க நூலகர் டூயி போட்ட பகுப்பு. அறிவு முழுவதையும் பத்தாக வெட்டி, ஒவ்வொன்றையும் பத்தாக வெட்டி, அப்புறம் புள்ளி வைத்து வெட்டிக்கொண்டே போகலாம். தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. எண்கள் பிடிபட்டுவிட்டால் ஒரு விளையாட்டு சுகம் வரும்.

200 மதம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 220இல் தொடங்கி 280கள் வரை பைபிளும் கிறிஸ்தவமும். மிச்சமிருக்கிற 290க்குள் உலகத்தின் மற்ற மதமெல்லாம் நெருக்கி உட்கார வேண்டும். இந்து மதம் 294.5, இஸ்லாம் 297. அமெரிக்காவில் ஒரு கல்லூரி நூலகத்துக்காகப் போட்டது, அந்த அலமாரியில் என்ன இருந்ததோ அதற்குத் தக்கபடி இடம் ஒதுக்கினார். தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் தேவாலயமும் பள்ளிவாசலும் அம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு மூன்று தெருவிலிருந்தும் ஆள் போகும். அந்த விழாவைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை 297இல் வைத்தேன், அப்புறம் எடுத்து 394இல், திருவிழாக்களோடு வைத்தேன். சாயந்திரம் மறுபடி 297. கீழக்கரை லாத்தா ஒருத்தர் தன் வாப்பா வைத்திருந்ததாக ஒரு அரபுத்தமிழ்ப் புத்தகம் கொண்டுவந்து காட்டினார். எழுத்து அரபு, வாசித்தால் தமிழ். எழுத்தைப் பார்த்து வைத்தால் நான் தப்பு, காதால் கேட்டு வைத்தால் வாசகர் தேடி அலைவார். ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

மே 3, சனி

மின்விசிறி நின்றுவிட்டது. படிக்கவில்லை.

மே 8, வியாழன்

இன்றைக்குப் படித்தது கட்டர் என்ற அமெரிக்க நூலகரின் நூல் அட்டவணை விதிகள். இதுவும் அதே 1876தான், நூலகக்காரர்களுக்கு அது என்ன வருஷமோ. கட்டர் சொல்வது, ஒரு பொருளுக்குப் பல பேர் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதன் கீழ் வை, மற்ற பேர்களிலிருந்து அங்கே வழிகாட்டு. 'பார்க்க' என்று ஒரு சொல் போட்டால் போதும். எந்தப் பேரைத் தேர்ந்தெடுப்பது? வாசகர்கள் எந்தப் பேரில் தேடுவார்களோ அதை.

பயிற்சிக்கு வேறெங்கும் போகவில்லை, வஞ்சிர மீனை எடுத்துக்கொண்டேன். சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடிப் பக்கம் சீலா, கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த விசைப்படகு டிரைவர் மாமா, "சீலான்னே போடும்மா, வஞ்சிரம்னா ஓட்டல்ல விக்கிறது" என்றார். மண்டபம் அகதி முகாமிலிருந்து தினமும் வருகிற பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாழ்ப்பாணத்தில அறுக்குளா எண்டு சொல்லுவம், அதையும் போடுங்கோ பிள்ளை" என்றார். போட்டேன். அறுக்குளா – பார்க்க: சீலா. அட்டையைக் கையில் வாங்கி இரண்டு தரம் படித்துப் பார்த்தார்.

மே 14, புதன்

இதுவரை படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது மார்சியா பேட்ஸ் 1989இல் எழுதிய கட்டுரைதான். வாசகர் ஒரு கேள்வி கேட்பார், நூலகம் ஒரு பதில் கொடுக்கும், அதோடு வேலை முடிந்தது என்று அதுவரை கணினித் தேடலைக் கட்டியவர்கள் நினைத்திருந்தார்கள். நிஜத்தில் மனிதர்கள் அப்படித் தேடுவதில்லை என்கிறார் அவர். காட்டில் செடி செடியாகப் பழம் பறிக்கிற மாதிரி, இங்கே ஒன்று அங்கே ஒன்று எடுப்பார்கள். எடுக்க எடுக்கக் கேள்வியே மாறிவிடும். ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பைப் பிடித்து இன்னொன்றுக்குப் போவார்கள், வேண்டிய புத்தகம் இருந்த தட்டில் அக்கம்பக்கத்தையும் கண்ணால் மேய்வார்கள்.

எனக்குக் காட்டுப் பழம் தெரியாது. கடல்பாசி தெரியும். அம்மா முப்பது வருஷமாகப் பாசிக்குப் போகிறாள். கண்ணில் கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, இடுப்பில் கட்டிய பை. ராத்திரி கட்டுரையின் சாரத்தைத் தமிழில் அவளிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இதுக்குப் போயி ஒரு பொம்பள இங்கிலீசுல எழுதணுமாக்கும்? மரிக்கொழுந்துப் பாசிக்குன்னு எறங்குவோம். ஒரு பாறையில பிடி பாசி கெடச்சா அதையே சொரண்டிக்கிட்டு நிக்க முடியுமா? பக்கத்துப் பாறையத் தடவணும். அங்க கட்டக்கோரை நெறைய கெடந்துச்சுன்னா, அன்னைக்குக் கட்டக்கோரைதான்."

"நீ தேடிப் போனது மரிக்கொழுந்துதானம்மா?"

"எறங்குறதுக்கு முன்னாடி அது. எறங்குன பெறகு தண்ணிதான சொல்லும்."

அசைன்மென்டில் இதை எழுத முடியாது, மேற்கோளுக்கு ஆண்டும் பக்கமும் கேட்பார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். வேரோடு பிடுங்கக்கூடாது, மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் போக வேண்டும் என்று பொம்பளைகள் தாங்களே கட்டுப்பாடு வைத்தது. பேட்ஸ் கட்டுரையில் அதற்கு இடமில்லை. புத்தகம் எடுக்க எடுக்கக் குறையாது.

மே 20, செவ்வாய்

பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருந்த சுசான் பிரியே 1951இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆவணம் என்றால் என்ன என்பதுதான் விஷயம். ஆற்றில் கிடக்கிற கல் ஆவணமில்லை, அருங்காட்சியகத்தில் வைத்த கல் ஆவணம். ஆப்பிரிக்காவில் ஓடித் திரிகிற மான் ஆவணமில்லை, பிடித்து வந்து பேர் வைத்துக் கூண்டில் விட்ட மான் ஆவணம். மானே மூல ஆவணம், அதைப் பற்றி எழுதிய கட்டுரை எல்லாம் வழி ஆவணம்.

எங்கள் பக்கம் கடற்பசுவை ஆவுளியா என்பார்கள். தாத்தா அது வலையில் மாட்டிய கதையைச் சொல்வார், குட்டியை அணைத்தபடி பால் கொடுக்கும், மனுஷி மாதிரி அழும் என்பார். நான் உயிரோடு பார்த்ததில்லை. பிரியே கணக்குப்படி கடலில் புல் மேய்கிற ஆவுளியா ஆவணமில்லை, எலும்பில் சீட்டு கட்டித் தொங்கவிட்டால் ஆவணம். சரி, தாத்தா சொன்ன அழுகை எதில் சேர்த்தி? விளிம்பில் பென்சிலால் இதைக் கேள்வியாக எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் புத்தகம் பிடித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஆனால் மூன்று நாளாக மண்டையை விட்டுப் போகவில்லை.

மே 25, ஞாயிறு

அமெரிக்க விஞ்ஞானி வனிவர் புஷ், 1945 ஜூலையில் வந்த கட்டுரை. மேஜை அளவு ஒரு யந்திரம், உள்ளே நுண்படச் சுருளில் நூலகமே அடங்கியிருக்கும், படிப்பவர் ஒரு பக்கத்தை இன்னொன்றோடு முடிச்சுப் போட்டுத் தடம் அமைத்துக்கொள்ளலாம். கடைசிவரை யாரும் கட்டவில்லை. எல்லாரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு யந்திரத்தின் மேல் ஆர்வமில்லை, தடம் என்ற சொல் மட்டும் தங்கியது. டிரைவர் மாமாவிடம் அட்டை கிழிந்த ஒரு நோட்டு உண்டு. கடலுக்கடியில் எந்தப் பாறைப் பாரில் எந்த மாசம் என்ன மீன் என்று ஜி.பி.எஸ். எண்ணோடு குறித்திருப்பார். மருமகனுக்குக்கூடக் காட்டமாட்டார்.

மே 29, வியாழன்

ரங்கநாதனின் கோலன் பகுப்பு. லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தாராம். அதே பட்டையும் திருகாணியும்தான், மாற்றிப் பூட்டினால் வேறு பொம்மை. புத்தகப் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு வேண்டியபடி பூட்டலாமே என்று தோன்றியிருக்கிறது. 1933இல் வெளியிட்டார். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து கூறு.

இடமும் காலமும் என்றதும் பத்தாம் வகுப்புத் தமிழம்மா நினைவுக்கு வந்தார். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நெய்தலுக்குக் கடலும் கடல் சார்ந்த இடமும், எற்பாடு. பிறகு கருப்பொருள், உரிப்பொருள். தொல்காப்பியம் பாட்டை இப்படிக் கூறு பிரித்துத்தானே பார்க்கிறது? ரங்கநாதன் அங்கிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. எனக்குப் பாடம் சட்டென்று விளங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஜூன் 1, ஞாயிறு

யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்த நாள். 1981 மே 31 ராத்திரி தொடங்கி ஜூன் 1க்குள், ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளோடு. நூலக வரலாற்றுத் தாளில் இதற்கு இரண்டு வரி. வேறு இடத்தில் தேடிப் படித்தபோது தெரிந்தது, 1959இல் திறந்த அந்தக் கட்டடத்தைத் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்னவர்களில் ரங்கநாதனும் ஒருவர்.

பெரியவர் இன்றும் வந்தார். நான் எதையும் கேட்கவில்லை. அவராகவே, "சின்ன வயசில அப்பாவோட போயிருக்கிறன். படியில செருப்பக் கழட்டப் போனன், தேவையில்ல எண்டு சொன்னவை" என்றார். கலைக்களஞ்சியத்தில் 'ய' வருகிற தொகுதியை எடுத்து வெகுநேரம் புரட்டினார். பூட்டு இருந்திருந்தால் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. கேட்கிற ஆளில்லை அவர்.

ஜூன் 11, புதன்

பெரியவர் ஒரு வாரமாகக் காணோம். பேத்தி வந்தாள், பள்ளிச் சீருடையோடு. தாத்தாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டதாம். "அந்தப் பெரிய புத்தகத்தத் தருவியளோ எண்டு கேட்டு வரச் சொன்னவர்."

கலைக்களஞ்சியம் இரவலுக்கு இல்லை, நோக்கு நூல். விதி புத்தகத்திலும் இருக்கிறது, சுவரிலும் ஒட்டியிருக்கிறது, ஒட்டியது நான்தான். தொகுதியை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தேன். அவள் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 15, ஞாயிறு

தடைக்காலம் முடிந்தது. விடிவதற்கு முன்பே மண்டபம் பக்கமிருந்து இன்ஜின் சத்தம் வீடு வரை கேட்டது. நூலகத்தில் நாற்காலிகள் காலி. டிரைவர் மாமா பாதி படித்த நாவலை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்தைக் குறித்து எடுத்து வைத்தேன்.

தேர்வுக்கு முன்னால் ஒரு தடவை இருப்பைச் சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நூலக உலகத்தில் ஒரு பழங்கதை உண்டு. ஹார்வர்டு நூலகர் ஒருவர் முகமெல்லாம் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தாராம். என்ன சந்தோஷம் என்று கேட்டதற்கு, எல்லாப் புத்தகமும் உள்ளே வந்துவிட்டது, இரண்டு மட்டும் ஒரு பேராசிரியரிடம் இருக்கிறது, அதை வாங்கத்தான் போகிறேன் என்றாராம்.

பதிவேட்டில் எழுதினேன்: கலைக்களஞ்சியம், பத்துக்கு ஒன்பது. ஒன்று முகாமில், வாசிப்பில். 'குறைவு' என்ற கட்டத்தை நிரப்பவில்லை. சாயந்திரம் மண்டபம் வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன், முகாம் நிறுத்தத்தில் பஸ் நின்றது. நான் இறங்கவில்லை.