செம்பாவின் லண்டன் பயணம்: ஒரு பிரிக்பீல்ட்ஸ் நாட்குறிப்பு

ஜூன் 2

கோலாலம்பூரிலிருந்து எங்களோடு லண்டன் வரவிருக்கும் பூனை செம்பாவின் பிடரித் தோலுக்கடியில் இன்று மைக்ரோசிப் பொருத்தப்பட்டது. அதன் 15 இலக்க எண்ணைக் கருவியில் படித்து உறுதி செய்துகொண்ட பிறகே மருத்துவர் ரேபிஸ் தடுப்பூசியைப் போட்டார். வரிசை மாறினால் பிரிட்டன் அந்த ஊசியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அதன்பின் 21 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் ஜூலை பிற்பகுதியில்தான் புறப்படுகிறோம் என்பதால் அதில் கவலையில்லை.

ஜூன் 15

கூண்டு வந்துவிட்டது. பிரிட்டனுக்குப் பறக்கும் பூனையைப் பயணிகளோடு அமர்த்த அனுமதியில்லை. சரக்காகப் பதிவு செய்துதான் அனுப்ப வேண்டும். நிமிரவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் கூண்டில் இடம் வேண்டும். அதைக் கூடத்தில் திறந்து வைத்து உள்ளேயே சாப்பாடு போடுகிறோம். "தூக்க மருந்து கொடுத்துவிட்டால் பாவம், பயமில்லாமல் போகுமே" என்றார் அத்தை. மயக்க நிலையில் இரத்த அழுத்தமும் மூச்சும் குறையக்கூடும், வானில் கவனிக்க ஆளிருக்காது என்று மருத்துவர் மறுத்ததைச் சொன்னேன். அத்தைக்குச் சமாதானமில்லை.

ஜூலை 14

இன்று நிப்பா வைரஸ் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். மற்ற தாள்களெல்லாம் எந்த நாட்டுப் பூனைக்கும் பொதுவானவை. இது மலேசியத் தீபகற்பத்துப் பூனைக்கென்றே உள்ளது. புறப்படுவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் எடுத்த இரத்தத்தில் நிப்பா எதிர்ப்புப்பொருள் இருக்கக்கூடாது. அத்துடன் கடைசி 60 நாட்களில் பூனை பன்றிகளோடு பழகவில்லை என்று அரசாங்கக் கால்நடைத் துறை சான்றளிக்க வேண்டும். அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியை விட்டு இறங்காத செம்பாவுக்கு இது வேடிக்கைதான். ஆனாலும் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1998-99இல் இந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த நோய் அது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. அப்போது சிரம்பானில் பள்ளி மாணவியாக இருந்த எனக்கு, இராணுவத்தினர் பன்றிகளைச் சுட்டுப் புதைத்த செய்தியை அப்பா நாளிதழில் உரக்கப் படித்தது நினைவிருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும்கூட அது தொற்றியது. என் மனக்குறை காலக்கெடுவைப் பற்றியது மட்டுமே: முன்கூட்டியே முடித்து வைக்க வழியில்லாத வேலை இது என்பதால், முடிவு தாமதமானால் விமானச் சீட்டையும் சரக்குப் பதிவையும் சேர்த்தே மாற்ற நேரிடும்.

ஜூலை 20

முடிவு வந்தது, நிப்பா இல்லை. சுகாதாரச் சான்றிதழும் மலேசியத் தனிமைப்படுத்தல், ஆய்வுத் துறையான மாக்கிஸின் ஏற்றுமதி அனுமதியும் கிடைத்துவிட்டன. சான்றிதழிலுள்ள சிப் எண்ணை நானும் என் கணவரும் மாறி மாறி வாசித்துச் சரிபார்த்தோம்.

ஜூலை 23, லண்டன்

நேற்றிரவு கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வின் சரக்குப் பிரிவில் செம்பாவை ஒப்படைத்துவிட்டு, அதே விமானத்தில் நாங்களும் ஏறினோம். புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே சிறிதளவு உணவு கொடுத்திருந்தோம். தண்ணீர்க் கிண்ணம் கூண்டுக் கதவில் மாட்டியிருந்தது. ஹீத்ரோவில் விலங்கு வரவேற்பு மையத்தினர் சிப்பையும் தாள்களையும் சரிபார்த்து முடிக்கும்வரை பல மணி நேரம் காத்திருந்தோம். தாள்கள் சரியாக இருந்ததால் தனிமைப்படுத்தல் இல்லை. வெளியே வந்த செம்பா என்னைப் பார்த்துச் சீறியது. அத்தைக்குப் படம் அனுப்பியதும் வந்த முதல் கேள்வி, "ஏதாவது சாப்பிட்டதா?" என்பதுதான். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் பூனைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம் என்பதால், அதன் எண்ணை உள்ளூர்த் தரவுத்தளத்தில் நாளை பதிய வேண்டும்.