பொயானா தேவாலயத்தின் சுவர்கள்

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் விளிம்பில், விதோஷா மலையடிவாரத்தில் இருக்கும் பொயானா தேவாலயத்துக்குச் சென்றிருந்தேன். ஓவியங்களைக் காப்பதற்காகச் சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுகிறார்கள், அதுவும் பத்தே நிமிடம். நியாயந்தான், ஆனாலும் போதவில்லை. பழைய சிற்றாலயத்திலும், 13ஆம் நூற்றாண்டில் கலோயான் என்னும் பிரபு அதை ஒட்டிக் கட்டிய பகுதியிலும் 1259இல் தீட்டப்பட்ட சுவரோவியங்கள்தாம் இதன் பெருமை. 19ஆம் நூற்றாண்டில் சேர்த்த முன்பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

சுவரோவியத்தில் கையில் ஆலயத்தின் சிறு வடிவத்தை ஏந்தி நிற்கும் கலோயானைவிட, அருகில் நிற்கும் அவர் மனைவி தெசிஸ்லாவாவின் முகமே என்னை நிறுத்தியது. புனிதர்களுக்குரிய பொதுவான முகச்சாயல் அதில் இல்லை. நேரில் பார்த்த ஒரு பெண்ணை, அவளுடைய மெல்லிய கழுத்தோடும் தயங்கிய பார்வையோடும், இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியத்துக்கு முன்னோடியான ஜொத்தோ பிறப்பதற்கு முன்பே ஓர் ஓவியர் இங்கே வரைந்துவிட்டார்.