ஒரே வரிசையில் போட்டியாளர்கள்

டென்மார்க்கின் காற்றாலைத் தொழில் வளர்ந்த கதையில் மானியத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அந்த மானியத்தோடு ஒட்டியிருந்த நிபந்தனைதான் பெரிதாகப் படுகிறது. 1979-இல் காற்றாலை வாங்கியவருக்கு விலையில் 30 சதவீதத்தை அரசு கொடுத்தது. ஆனால், அதற்கு முந்தைய ஆண்டு ரிசோ ஆய்வகத்தில் தொடங்கிய சோதனை நிலையம் ஒப்புதல் தந்த மாடலுக்கு மட்டும்தான்.

ஒவ்வொரு ஆலையிலும் ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு பிரேக் வேண்டும் என்று அந்த நிலையத்தார் கேட்டார்கள். புயலில் கிரிட் (மின் இணைப்பு) போனால், சுழற்சியை அடக்கி வைத்திருக்கும் ஜெனரேட்டரின் பிடி விட்டுவிடும். டிஸ்க் பிரேக்கும் காலை வாரினால், வேகமெடுத்த இறக்கை பிய்த்துக்கொண்டு பறக்கும். இறக்கையின் நுனி மட்டும் திரும்பி வேகத்தை அடக்கும் ஏற்பாட்டை டென்மார்க் பொறியாளர் யோஹன்னஸ் யூல் 1957-இலேயே கெட்சர் 200 கிலோவாட் ஆலையில் வைத்திருந்தார். தயாரிப்பாளர்களுக்கு அது கைகொடுத்தது.

இன்று ஓஸ்டரில்டில், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சோதனைக் களத்தில், போட்டிக் கம்பெனிகளின் ஆலைகள் வடக்கு தெற்காக ஒரே வரிசையில் நிற்கின்றன. இறக்கை வடிவமும் கன்ட்ரோல் மென்பொருளும் அவரவர் ரகசியம். அளக்கும் முறை மட்டும் பொது.

மேற்கிலிருந்துதான் காற்று அதிகம். அதனால் காற்றின் வேகத்தை அளக்கும் கம்பமும் ஆலைக்கு மேற்கே. சுழலி விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு தூரம்: 220 மீட்டர் விட்டமென்றால் 550 மீட்டர். எந்தக் காற்று வேகத்தில் ஆலை எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று பார்க்க, பத்து நிமிடச் சராசரிகளைக் காற்று வேகப்படி விநாடிக்கு அரை மீட்டர் படிகளாகப் பிரிப்பார்கள். படிக்குக் குறைந்தது 30 நிமிட அளவீடு, மொத்தம் 180 மணி நேரம். கேட்க எளிது. பக்கத்து ஆலையின் சுழல் கலந்த திசைகளைக் கழித்துவிட்டால் பலத்த காற்றுக்கான மேல் படிகள் நிரம்ப மாதக்கணக்காகும். காற்றுமானியில் ஒரு சதவீதப் பிழை இருந்தால், காற்றின் ஆற்றல் கணக்கில் அது மூன்றாகும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்பத்தானே ஆற்றல்.

இறக்கைச் சோதனைக்கு இன்னும் பொறுமை வேண்டும். அடிப்பக்கத்தை போல்ட்டால் இறுக்கி, இறக்கை தானாக அதிரும் வேகத்தில் (இயல் அதிர்வெண்ணில்) ஆட்டுவார்கள். விநாடிக்கு அரை ஆட்டம் என்றால் பத்து லட்சம் ஆட்டத்துக்கு 23 நாள். இறக்கை நீள நீள ஆட்டம் மெதுவாகும், நாளும் கூடும். பின்விளிம்பின் பசை மூட்டு விரிசல் விட்டால் திரும்ப முதலிலிருந்து.

நம் கயத்தாறு சோதனை நிலையமும் டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் உதவியோடு எழுந்ததுதான். அங்கே தென்மேற்குப் பருவத்தைக் கோட்டைவிட்டால், மேல் படிகளை நிரப்ப அடுத்த ஆடிக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.