தொட்டபெட்டாவில் காணாமல் போன 128 மீட்டர்

மேட்டுப்பாளையத்திலிருந்து தொட்டபெட்டா வரை காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் வழிநெடுகப் பதிவு செய்யவேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. கருவி எளிமையானது: காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளக்கும் பிஎம்பி280 சென்சார், அதை இயக்கும் இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு, பதிவுகளைச் சேமிக்க எஸ்டி கார்டு, ஒரு பவர் பேங்க்.

முதல் பயணம் வீணாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவுக்குள் அடைத்திருந்ததால், போர்டின் சூட்டில் வெப்பநிலை நாலு டிகிரி கூடுதலாகவே காட்டியது. இந்த முறை சென்சாரை மட்டும் ஒயர் நீட்டி வெளியே எடுத்து, வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து போகும்படி வெள்ளை பிவிசி குழாய்க்குள் தொங்கவிட்டேன்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தருகே, 326 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் 974 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), வெப்பநிலை 30 டிகிரி. தொட்டபெட்டா உச்சியில் 746, 14 டிகிரி. அதாவது ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 7 டிகிரி இறக்கம். பர்லியாறு தாண்டும்வரை வெப்பநிலை வரைபடக் கோடு சரசரவென இறங்கியது. குன்னூர் மூடுபனிக்குள் நுழைந்ததும் மெதுவானது. உலர்ந்த காற்று மேலேறும்போது கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். ஈரக் காற்றிலோ நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை விடுவதால் அந்த வேகம் குறைகிறது.

காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன். உச்சியின் உயரம் 2,637 மீட்டர். என் கருவி காட்டியதோ 2,509. சென்சார் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. நம் ஊர்க் காற்று அதைவிடச் சூடு. சூடான காற்று விரிந்து லேசாகிவிடும், ஆகவே அழுத்தம் அதே அளவு குறைய இன்னும் அதிக உயரம் ஏறவேண்டும். கீழும் மேலும் சேர்த்துச் சராசரி 22 டிகிரி என்று வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மறுபடி கணக்கிட்டேன்: 2,630 வந்தது! மீதி 7 மீட்டரைப் பற்றிக் கவலையில்லை. சென்சாரின் துல்லியமே ஒரு ஹெக்டோபாஸ்கல் முன்பின்தான். அந்த உயரத்தில் அதற்கு ஈடு சுமார் 11 மீட்டர்.

இறங்கும்போது இன்னொன்றும் செய்தேன். உச்சியில் காலித் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி எடுத்துவந்தேன். கீழே காற்றழுத்தம் அதிகம் என்பதால், கல்லாறு வருவதற்குள் நன்றாக நசுங்கி, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஒடுங்கியிருந்தது.

அடுத்தது டிசம்பர் விடியற்காலை. தெளிவான இரவில் குளிர்ந்த காற்று கனத்து ஊட்டியின் பள்ளங்களில் தேங்க, புல்லில் உறைபனி படியும். அந்த நேரத்தில் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் வெப்பநிலை கூடவேண்டும். அந்தத் தலைகீழ்க் கோட்டைப் பதிவு செய்ய, இப்போதே கூடுதலாக ஒரு பவர் பேங்க் வாங்கி வைத்துவிட்டேன்.