ஊசி போட்டாச்சு, தட்டில் என்ன இருக்கு?

எங்கள் மும்பை செம்பூர் சொசைட்டியில் எடைக்குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, வாக்கிங், சிறுதானியம் என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள். எதிர் ஃப்ளாட் மாமி மட்டும் விதிவிலக்கு. சர்க்கரையும் இருப்பதால் டாக்டர் எழுதிக்கொடுத்த மௌஞ்சாரோ. ஞாயிறு காலை, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கும், மருந்து நிரப்பிய பேனா மாதிரியான கருவியை எடுத்து, புது ஊசி மாட்டி, தொப்புளை விட்டுத் தள்ளி வயிற்றில் குத்தி, பட்டனை அழுத்தியபடியே ஐந்துவரை எண்ணுவார். அவ்வளவுதான்.

இதை 'வாயைக் கட்டத் தெரியாதவர்களின் குறுக்குவழி' என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. சாப்பிட்டதும் நம் குடலிலேயே ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது, ஆனால் ஓரிரு நிமிஷத்தில் சிதைந்துவிடும். வெகோவி என்ற இன்னொரு எடைக்குறைப்பு ஊசியில் இருக்கும் செமாக்ளுடைடு என்ற மருந்து அதே வேலையைச் செய்துகொண்டு வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். மௌஞ்சாரோவில் இருக்கும் டிர்செப்படைடு என்ற மருந்து, ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும். வயிறு மெதுவாகக் காலியாகும், மூளைக்கும் 'போதும்' என்று சேதி போகும். பசியே ஹார்மோன் சமாச்சாரம், இதில் ஒழுக்கம் எங்கே வந்தது?

என் கவலை வேறு. பசி போனதும் மாமியின் சாப்பாடு ஒரு இட்லி, ரெண்டு வாய் தயிர்சாதம், காபி என்று சுருங்கிவிட்டது. குறைகிற எடை எல்லாம் கொழுப்பு இல்லை, தசையும் சேர்ந்துதான் கரையும், நம் சைவத் தட்டிலோ சாதம் மலை மாதிரி, தசைக்கு வேண்டிய புரதம் தரும் பருப்பு சாம்பாருக்குள் எங்கேயோ. டாக்டர் பார்த்துவிட்டு, முதலில் சுண்டல், பனீர், கெட்டிப் பருப்பு, இடம் இருந்தால் சாதம் என்று வரிசையை மாற்றச் சொன்னார், கூடவே கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி. முட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, மாமி எழுந்து போய்விடுவார்.

அப்புறம் இந்தக் கல்யாண சீசன் கூட்டம். மூணு மாசம் போட்டு இளைத்துவிட்டு நிறுத்திவிடலாமாம்! 2021இல் வெளிவந்த ஆய்வில் செமாக்ளுடைடு 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடையைக் குறைத்தது உண்மை, ஆனால் அதை நிறுத்திய பிறகு தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களுக்கு, ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. வீட்டில் யாருக்காவது மெடுலரி தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் இந்த மருந்தே கூடாது என்பதையாவது இவர்கள் டாக்டரிடம் சொல்வார்களா தெரியவில்லை.

போன வாரம் பக்கத்து விங் பெண் ஒருத்தி, "ஊசியை மாத்திக்கறேன், பேனாவை மட்டும் ஒரு தடவை குடுங்கோ மாமி" என்று வந்து நின்றாள். ஊசியை மாற்றினாலும் அடுத்தவர் பேனாவில் தொற்று வரலாம். மாமி அதெல்லாம் விளக்கவில்லை. "பல் தேய்க்கற பிரஷ்ஷை இப்படிக் கேப்பியாடி?" என்று கதவைச் சாத்திவிட்டார்.