பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்

2020 மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது, தமிழ்நாட்டில் ஏழாம் எட்டாம் மாதத்தில் இருந்த பெண்கள் பலருக்கு நோயைவிட முந்திக்கொண்டு வந்த கவலை, அம்மா வீட்டுக்கு எப்படிப் போவது என்பதுதான். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். மருத்துவ அவசரம், திருமணம், இறப்பு என்று காரணம் காட்ட வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதை அதில் எந்தக் காரணத்தின் கீழ் எழுதுவது? வளைகாப்பும் நின்றது. வளையல் போட்டு, சாதம் கட்டி, பெரியவர்கள் கன்னத்தில் சந்தனம் பூசும் அந்த ஒரு நாளில்தான் பிள்ளை பெற்ற பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து வலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவார்கள். செக்கப் நாளில் ஆரம்ப சுகாதார நிலைய பெஞ்சில் நடக்கும் பேச்சும் அப்படித்தான். அந்த இரண்டும் போனதும், பயத்தை இறக்கி வைக்க இடமில்லாமல் போனது.

நேரில் வரும் பரிசோதனைகள் 12, 20, 28, 36 வாரங்கள் என்று சுருக்கப்பட்டன. இடைப்பட்ட காலம் தொலைபேசிக்கு வந்தது. கிராம சுகாதார செவிலியர்களும் ஆலோசகர்களும் அந்த ஒன்றரை ஆண்டில் தொலைபேசியில் செய்த வேலையை ஒரு தொழில்நுணுக்கமாகவே எழுதி வைக்க வேண்டும். அடுத்த தொற்று வரும்போது யாராவது மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கக் கூடாது.

வீட்டில் ஒரே ஒரு போன் இருக்கும். அது கணவர் கையில் இருக்கும், அல்லது மூத்த பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் இருக்கும். பலர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். அதனால் முதல் கேள்வி உடம்பைப் பற்றியதாக இருக்கக் கூடாது. “பக்கத்துல யாரும்மா இருக்காங்க? இப்போ பேச வசதியா இருக்கா, அப்புறம் கூப்பிடவா?” என்பதுதான் முதல் கேள்வி. மாமியார் பக்கத்தில் இருந்தால் இரத்த அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரை, குழந்தை அசைவு என்று பேசி முடித்துவிட்டு, அந்தப் பெண் தனியாக இருக்கும் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். காலைச் சமையல் முடிந்த பதினொரு மணியோ, துணி காயப்போட மாடிக்குப் போகும் நேரமோ பெரும்பாலும் கைகொடுக்கும். அடி, மிரட்டல் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்க வேண்டும். “வீட்ல யாரைப் பார்த்தாவது பயமா இருக்கா?” என்று கேட்டால் “ம்” என்ற ஒலி போதும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வாயால் சொல்ல வைக்கவும் கூடாது, செய்தியாக அனுப்பவும் கூடாது. போனை வேறு யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.

“மன அழுத்தம் இருக்கா?” என்று கேட்டால் வரும் பதில் “அதெல்லாம் இல்லைங்க சிஸ்டர்.” அந்தச் சொல் அவர்களுடையது இல்லை. அவர்கள் சொல்வது படபடப்பு, நெஞ்சு அடைக்குது, எதுவும் பிடிக்கலை, ஒரு மாதிரியா இருக்கு. பயன்தரும் கேள்வி தூக்கத்தைப் பற்றியது: “ராத்திரி முழிப்பு வந்தா திரும்பத் தூங்க எவ்வளவு நேரம் ஆகுது? அப்போ மனசுல என்ன ஓடுது?” கடைசி மூன்று மாதத்தில் சிறுநீர் கழிக்க எழாத பெண் இல்லை. எழுந்து போய்விட்டு வந்து படுத்ததும் தூங்கிவிட்டால் அது கர்ப்பம். ஒரு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு “எனக்கு ஏதாவது ஆனா பிள்ளையை யார் பார்ப்பாங்க” என்று ஓடினால் அதைக் கவனிக்க வேண்டும்.

அளவுகோல் என்று ஒன்று வேண்டுமானால் பிரசவகால மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோல் நல்லது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30, கடந்த 7 நாட்களைப் பற்றியது. பொதுவான மனச்சோர்வுப் படிவங்கள் களைப்பையும் பசியையும் கேட்கும். கர்ப்பிணிக்கு அவை எப்போதும் இருப்பதால் மதிப்பெண் பொய்யாக ஏறும். எடின்பரோவில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் தொற்றுக் காலத்தில் இதற்கும் ஒரு கோணல் வந்தது. 3, 4, 5ஆம் கேள்விகள் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வது, காரணமில்லாத கவலை, திகில் ஆகியவற்றைப் பற்றியவை. அன்றைக்குச் செய்தி பார்த்த எவருக்கும் இந்த மூன்றில் மட்டும் ஆறேழு மதிப்பெண் வந்துவிடும். ஆகவே மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்க்கக் கூடாது. இந்த மூன்றைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் பார்க்க வேண்டும். சிரிக்க முடியவில்லை, எதையும் எதிர்பார்க்கத் தோன்றவில்லை, அழுகை வருகிறது என்ற பக்கம் ஏறியிருந்தால் அது செய்தியால் வந்த பயம் மட்டும் இல்லை. பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் போனால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது, 10 முதல் 12 வரை என்றால் இரண்டு வாரத்தில் மறுபடி கேட்பது. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றைக்கே பேச வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கி விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஏற்கெனவே இருப்பவளுக்கு “அப்பாடா, கேட்டுட்டாங்க” என்று இருக்கும்.

மனம் என்று முடிவு கட்டும் முன் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்த்துவிட வேண்டும். 11 கிராமுக்குக் கீழே போன இரத்தமும் குறைந்த தைராய்டும் மனச்சோர்வு போலவே நடிக்கும்.

“நெஞ்சு அடைக்குது” என்பதைப் பிரிப்பதுதான் தொலைபேசியில் கடினமான வேலை. வளரும் கருப்பையால் மூச்சு வாங்கலாம், பதற்றமாக இருக்கலாம், கொரோனாவாகவும் இருக்கலாம். பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டி, எண் அசையாமல் நின்றபின் படிக்கச் சொல்ல வேண்டும். நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும் குறைவாகக் காட்டும். ஏழாம் மாதத்தில் கையெல்லாம் கறுப்பு மருதாணி இருக்கும் பெண் 91 என்று பார்த்துக் கதறியிருப்பாள். பூச்சு இல்லாத விரலிலோ கால்விரலிலோ மாட்டினால் 98 வரும். ஆனால் சுத்தமான விரலிலும் 95க்குக் கீழே என்றால் பேச்சை நிறுத்திவிட்டு 108தான். இன்னொன்று: 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றும், வியர்க்கும், படபடக்கும். இடது பக்கம் திரும்பிப் படுத்ததும் இரண்டு நிமிடத்தில் தெளிந்தால் அதைப் பதற்றம் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை.

பதற்றம்தான் என்றால் மூச்சுப் பயிற்சி. “நல்லா இழுத்து விடும்மா” என்று சொல்வதுதான் கெடுக்கிறது. வேகமாக ஆழமாக இழுத்தால் கரியமில வாயு குறைந்து விரல் மரத்து, உதடு சுருசுருத்து, பயம் இரட்டிப்பாகும். சாய்ந்து உட்கார்ந்து, 4 எண்ணும் வரை மூக்கால் மெல்ல இழுத்து, 6 எண்ணும் வரை ஊதுவது போல விட வேண்டும். அடக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். முதல் நிமிடம் நாமே போனில் கூடவே எண்ண வேண்டும்.

“பயப்படாதீங்கம்மா” என்று சொன்னால் அவர் பேச்சை நிறுத்திக்கொள்வார், பயம் அப்படியே இருக்கும். பயத்தைக் குறைத்தது சரியான தகவல்தான். சளி பரிசோதனை முடிவு வராவிட்டால் பிரசவம் பார்க்க மாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. முடிவுக்காகப் பிரசவத்தைத் தாமதிக்கக் கூடாது என்று 2020இலேயே ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துச் சொன்னபோது பலருக்கு அன்றிரவு தூக்கம் வந்தது. அதோடு ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லலாம்: எந்த மருத்துவமனை, தொற்று உறுதியானால் எந்த மருத்துவமனை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்), இரத்த வகை, கூட வருபவர், அவருக்கே தொற்று வந்தால் இரண்டாவதாக யார், மூத்த பிள்ளை யார் வீட்டில். பையில் முதலில் வைக்க வேண்டியது நீள ஒயர் கொண்ட சார்ஜர். தனிமை வார்டில் பிளக் பாயின்ட் கட்டிலுக்கு எட்டாது. போன் அணைந்தால் அவளுக்கு வீடே அணைந்த மாதிரி.

அந்த வார்டில் முகம் தெரியாது. பாதுகாப்பு உடையின் மார்பில் மார்க்கரால் பெயர் எழுதுவது, ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் பெயரைச் சொல்வது, தொடும் முன் “இப்போ வயித்தைத் தொடறேன்” என்று சொல்வது, இவற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தாய்க்குத் தொற்று இருந்தாலும் முகக்கவசம் போட்டு, கை கழுவிக்கொண்டு பால் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்க்கோ குழந்தைக்கோ மிகவும் முடியாமல் போய்ப் பிரித்து வைத்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டு முறையாவது பால் பீய்ச்ச வேண்டும். விட்டுவிட்டால் மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டும். பிரசவத்துக்குப் பின் வரும் சாதாரண அழுகையும் அதே மூன்று, நான்காம் நாளில்தான் வரும். இரண்டும் சேர்ந்தால் தாங்க மாட்டாள்.

2021இல் கேள்வி மாறியது. இரண்டாம் அலையில் கர்ப்பிணிகளின் மரணச் செய்திகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தன, ஊசி போட அனுமதி இல்லை. ஜூலை 2இல் ஒன்றிய அரசு அனுமதித்தபின் “ஊசி போட்டா கரு கலையுமா” என்ற பயம் தொடங்கியது. கோவிஷீல்டிலும் கோவேக்சினிலும் உயிருள்ள கொரோனா கிருமி இல்லை என்பதைப் பெண்ணிடம் சொல்வதோடு, முடிவெடுக்கும் மாமியாரிடமும் கணவரிடமும் ஸ்பீக்கரில் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்பீக்கர் உதவிய இடமும் உண்டு.

பிரசவம் முடிந்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடக் கூடாது. நான்காம் நாள், பதினான்காம் நாள், ஆறாவது வாரம் என்று மூன்று அழைப்பாவது வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அடங்கும் அழுகை சாதாரணம். தூங்காமலும் களைப்பே இல்லாமல் இருப்பது, சந்தேகப்படுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது என்றால் அது மனநோயின் அவசரநிலை. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் தொற்றால் வந்த குழப்பமா என்றும் பார்க்க வேண்டும். இரண்டுக்குமே அன்றே மருத்துவமனை, அதுவரை தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது. மற்றவர்களிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருதா?” பால், அழுகை, துணி என்று காரணம் சொல்பவருக்கு வீட்டில் ஒரு கை கூடுதலாக ஏற்பாடு செய்ய வேண்டும். “படுக்கறேன் சிஸ்டர், ஆனா வரமாட்டேங்குது” என்பவரிடம் அடுத்த அழைப்பின் நாளையும் நேரத்தையும் சொல்லி, அதற்கு முன் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கி, அவர் போனாரா என்று அந்த அழைப்பில் கேட்க வேண்டும்.